பம்பளிமாஸ், நார்த்தை: பருமனைப் பார்த்து நடாதீர்கள், எடையைக் கேட்டு நடுங்கள்

செல்போனில் இப்போது அடிக்கடி வருகிற படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் இரண்டு கைகளாலும் ஒரு மஞ்சள் நிறக் காயைத் தூக்கிப் பிடித்திருப்பார். சின்னக் குழந்தையின் தலை அளவு இருக்கும். 'ராட்சத எலுமிச்சை' என்று ஒரு படத்திலும் 'மெகா பம்பளிமாஸ்' என்று இன்னொன்றிலும் எழுதியிருக்கும். கன்று கிடைக்கும் இடத்தின் போன் நம்பரும் கீழே இருக்கும். திருமங்கலம், செக்கானூரணி, மேலூர்ப் பக்கமிருந்து விவசாயிகள் இந்தப் படத்தைக் காட்டி, "இதை ஒரு ஏக்கர் போடலாமா சார்?" என்று கேட்கிறார்கள்.

என் பதில் ஒன்றுதான். அந்தக் காயின் எடை எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். அடுத்து, அந்த எடையில் சுளை எவ்வளவு, தோல் எவ்வளவு என்று கேளுங்கள். மூன்றாவதாக, அதே மரத்தில் மற்ற காய்கள் எந்த அளவில் இருந்தன என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடியாதவரிடம் கன்று வாங்க வேண்டாம்.

எலுமிச்சைக் குடும்பத்தில் பெரிய காய் காய்க்கும் இனங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று பம்பளிமாஸ். இதன் தாவரவியல் பெயரிலேயே 'மாக்சிமா' என்ற சொல் இருக்கிறது. மிகப் பெரியது என்று பொருள். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த மரம். டச்சுக்காரர்கள் 'பொம்பெல்மூஸ்' என்று சொன்னதுதான் நம் வாயில் பம்பளிமாஸ் ஆகியிருக்கிறது. வங்காளத்தில் இதை 'பத்தாபி லேபு' என்பார்கள். இன்றைய ஜகார்த்தாவின் பழைய பெயரான பட்டேவியாவிலிருந்து வந்த எலுமிச்சை என்று அர்த்தம். இன்னொன்று நார்த்தை. இதன் காயில் சுளை சிறிது, தோல்தான் பெரும்பகுதி. நாம் கடையில் வாங்கும் எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சு எல்லாமே இந்த இரண்டும் கமலா வகையும் இன்னும் சில காட்டு இனங்களும் பல காலம் கலந்து கலந்து உருவானவை. அதனால் எலுமிச்சை வகையில் எங்காவது அசாதாரணமாகப் பெரிய காய் தென்பட்டால், அதன் வம்சத்தில் பம்பளிமாஸோ நார்த்தையோ இருக்கிறது என்று பெரும்பாலும் தைரியமாகச் சொல்லலாம். படத்தில் வருகிற 'ராட்சத எலுமிச்சை'யும் அநேகமாக எலுமிச்சையும் நார்த்தையும் கலந்த இனம்தான். அமெரிக்காவில் 'பான்டெரோசா' என்ற பெயரில் இப்படி ஒரு கலப்பு நூறு ஆண்டுகளுக்கு மேலாக வீட்டுத் தோட்டங்களில் இருக்கிறது. அங்கேயும் அது அழகுக்கு வளர்க்கிற மரமாகத்தான் நின்றுவிட்டது. சந்தைக்கான பயிராக வளரவில்லை.

உலக சாதனைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். இஸ்ரேலில் ஒரு விவசாயியின் தோட்டத்தில் 2003 ஜனவரியில் 5.265 கிலோ எடையுள்ள ஓர் எலுமிச்சை கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அதன் சுற்றளவு 74 செ.மீ., நீளம் 35 செ.மீ. பம்பளிமாஸில், ஜப்பானின் குமமோட்டோ பகுதியில் 2005-ல் ஏறக்குறைய 4.86 கிலோ எடைக்கு ஒரு பழம் சாதனையாகப் பதிவானது. அந்தப் பகுதியின் 'பன்பெய்யூ' ரகம் பெரிய பழத்துக்கே பெயர் பெற்றது.

இந்த எலுமிச்சைக் கணக்கைக் கொஞ்சம் நோண்டிப் பாருங்கள். 74 செ.மீ. சுற்றளவும் 35 செ.மீ. நீளமும் உள்ள முட்டை வடிவக் காய் பிடிக்கும் இடம் சுமார் 10 லிட்டர். எலுமிச்சைக்கு இரண்டு முனையும் கூம்பியிருக்கும் என்பதற்காக 8 லிட்டர் என்றே குறைத்துக்கொள்வோம். 8 லிட்டர் தண்ணீரின் எடை 8 கிலோ. அந்தக் காயோ ஐந்தே கால் கிலோ. மிச்சம் என்ன? காற்று. தோலுக்கு உட்புறம் இருக்கும் வெள்ளைப் பஞ்சில் அடைபட்ட காற்று. உலகத்திலேயே கனமான எலுமிச்சை, அதன் பருமனுக்கு லேசான எலுமிச்சை. இதைப் பார்த்துத்தான் நாம் வாயைப் பிளக்கிறோம்.

சரி, இதெல்லாம் சாதனைக் கதை. நம் தோட்டத்துக் காய்க்கு வருவோம். நல்ல பம்பளிமாஸ் பழம் பொதுவாக 1 முதல் 2 கிலோ இருக்கும். உங்களிடம் இரண்டு பழங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பழத்தின் குறுக்களவு 15 செ.மீ., தோல் 2 செ.மீ. தடிமன். இரண்டாவது பழத்தின் குறுக்களவு 12 செ.மீ., தோல் முக்கால் செ.மீ. பார்வைக்கு முதல் பழம் ரொம்பப் பெரியது. மொத்தக் கன அளவு முதல் பழத்துக்கு 1,767 கன செ.மீ., இரண்டாவதற்கு 905. ஏறத்தாழ இரண்டு மடங்கு. தோலை உரித்தபின் உள்ளே இருக்கும் சுளை உருண்டையைக் கணக்கிட்டால், முதல் பழத்தில் 697, இரண்டாவதில் 606. அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு மடங்கு பெரிய பழத்தைச் சுமந்துபோய் உரித்தால், சின்னப் பழத்தைவிட 15 சதவீதம்தான் கூடுதல் சுளை. முதல் பழத்தில் பத்தில் ஆறு பங்கு தோல். இரண்டாவதில் பத்தில் மூன்று பங்குதான் தோல்.

தோலில் 1 செ.மீ. கூடினால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கிறோம். உருண்டையான பொருளில் வெளி ஓரம்தான் அதிக இடத்தைப் பிடிக்கும். தேங்காய் உரித்தவர்களுக்கு இது தெரியும். மட்டை தடித்த காய் பார்க்க எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உள்ளே பருப்பு எந்த அளவு என்று யாரும் சொல்லிவிட மாட்டார்கள். அதனால்தான் தேங்காய் வாங்குபவர் கையில் தூக்கிப் பார்க்கிறார், தட்டிப் பார்க்கிறார். பம்பளிமாஸுக்கும் அந்தக் கைதான் வேண்டும். ஒரே பருமனில் இரண்டு பழம் இருந்தால் கனமானதை எடுங்கள்.

இன்னும் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு வாளி போதும். வாளியை விளிம்பு வரை தண்ணீரால் நிரப்பி, ஒரு பெரிய தாம்பாளத்தில் வையுங்கள். பழத்தைத் தண்ணீரில் விட்டு, முழுதும் மூழ்கும்படி ஒரு குச்சியால் அமுக்குங்கள். தாம்பாளத்தில் வழிந்த தண்ணீரை அளந்தால் அதுதான் பழத்தின் கன அளவு. பழத்தைத் தராசில் வைத்து எடை எடுங்கள். 1 லிட்டர் தண்ணீரை வெளியேற்றிய பழம் 900 கிராம் இருக்கிறதா, 700 கிராம்தான் இருக்கிறதா? 900 கிராம் பழத்துக்கும் 700 கிராம் பழத்துக்கும் நடுவே கத்தி வைத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஒரு மரத்தில் ஐந்து பழத்துக்கு இதைச் செய்தால் அந்த மரத்தின் குணம் பிடிபட்டுவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோல் தடிப்பு எல்லா இடத்திலும் குறை ஆகாது. நார்த்தங்காயில் நமக்கு வேண்டியதே தோல்தான். சுருள் சுருளாக அரிந்து உப்பு அடைத்து வெயிலில் காயவைக்கிற உப்பு நார்த்தங்காய்க்குத் தோல் சதைப்பற்றாக இருக்க வேண்டும். சாறு அதிகமுள்ள மெல்லிய தோல் காய் அதற்கு உதவாது. மேல்நாடுகளில் கேக்கில் போடும் சர்க்கரைப்பாகு ஊறிய தோல் துண்டுக்கும் இதே நார்த்தை இனத்தின் தடித்த தோல்தான் மூலப்பொருள். ஆகவே நார்த்தை வைத்திருப்பவர் ஊறுகாய் போடுபவரிடம் "தோல் எத்தனை மில்லிமீட்டர் வேண்டும்?" என்று கேட்கலாம். பம்பளிமாஸ் வைத்திருப்பவர் அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். இரண்டையும் 'பெரிய காய்' என்ற ஒரே கூடையில் போட்டு விலை பேசுவதில்தான் குழப்பமே ஆரம்பிக்கிறது.

போதாக்குறைக்குப் பெயர்க் குழப்பம் வேறு. ஓர் ஊரில் நார்த்தை என்பதை அடுத்த ஊரில் கடாரங்காய் என்பார்கள். கொழுமிச்சை, கிச்சிலி என்று வேறு பெயர்களும் வரும். பெயரை நம்பிக் கன்று வாங்க வேண்டாம், இலையைப் பாருங்கள். பம்பளிமாஸ் இலையின் காம்பில் இரு பக்கமும் அகலமான சிறகு இருக்கும். பெரிய இலைக்குக் கீழே சின்ன இலை ஒன்று ஒட்டியதுபோல் தெரியும். நார்த்தை இலைக் காம்பில் சிறகு இருக்காது. கன்று ஒரு அடி இருக்கும்போதே இது தெரிந்துவிடும். பம்பளிமாஸ் என்று சொல்லி உங்களிடம் நீட்டப்படும் கன்றில் சிறகில்லாத காம்பு இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அடுத்த விஷயம், விதைக்கன்று. நம் நாட்டு எலுமிச்சையில் ஒரு விதையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும். அதில் பெரும்பாலானவை தாயைப் போலவே இருக்கும். அதனால் எலுமிச்சையை விதை போட்டு வளர்த்தே பழகிவிட்டோம். பம்பளிமாஸும் நார்த்தையும் அப்படி இல்லை. ஒரு விதைக்கு ஒரே முளை. அது தாயும் தகப்பனும் கலந்த புதுப் பிள்ளை. தாய்மரத்துப் பழம் இரண்டு கிலோ இருந்தது என்பதற்காகப் பிள்ளையின் பழமும் இரண்டு கிலோ இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சுளை கசக்கலாம், தோல் தடிக்கலாம், காயே பிடிக்காமலும் போகலாம். அது தெரிவதற்குள் ஏழு எட்டு ஆண்டுகள் ஓடிவிடும். ஒரு ஏக்கரில் ஏழு ஆண்டுகள் என்றால் தண்ணீர், வேலி, கூலி, வேறு பயிரில் விட்ட வருமானம் எல்லாம் சேர்த்து நீங்களே கணக்குப் போடுங்கள். படத்தில் ஒரு காயைக் காட்டி, பையில் விதைக்கன்றைக் கொடுப்பவர் அந்த ஏழு ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்க மாட்டார்.

ஆகவே பதியன் கன்று அல்லது மொட்டுக் கட்டிய ஒட்டுக்கன்று மட்டுமே வாங்க வேண்டும். நார்த்தையைப் போத்து வைத்தே வளர்க்கலாம், எளிதில் வேர் பிடிக்கும். பம்பளிமாஸில் இன்னொரு சங்கதி உண்டு. பல ரகங்களில் தன் மகரந்தம் தனக்கே சேராது. ஒற்றை மரம் பூத்துக் குலுங்கியும் காய் நிற்காமல் கொட்டினால், உரம் போதவில்லை என்று மூடை மூடையாகக் கொட்டுவதற்கு முன்னால், பக்கத்தில் வேறு ரக மரமோ வேறு எலுமிச்சை இனமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

உரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. காயைப் பெருக்க வைக்கிறோம் என்று கடைகளில் பாட்டில் பாட்டிலாக விற்கிறார்கள். பருமன் எங்கே தீர்மானமாகிறது என்று தெரிந்தால் இந்தச் செலவில் பாதி மிச்சம். பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்த முதல் ஒன்றரை இரண்டு மாதங்களில்தான் காய்க்குள் செல்கள் எண்ணிக்கையில் பெருகுகின்றன. அதற்குப் பிறகு அந்தச் செல்கள் தண்ணீர் வாங்கி உப்புவதுதான் நடக்கும். முதல் இரண்டு மாதம் மரத்தைத் தண்ணீர் இல்லாமல் வாடவிட்டு, பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் இழந்த எண்ணிக்கை திரும்பாது. நம் மதுரைச் சமவெளியில் கோடைப் பூவுக்கு இதுதான் நடக்கிறது. பங்குனி, சித்திரையில் கிணறு வற்றுகிற நேரத்தில் பிஞ்சு பிடிக்கிறது. பிறகு ஒரு மழை அடித்தவுடன் காய் வேகமாக ஊதி, தோல் வெடிக்கிறது. சொட்டுநீரும் மரத்தடியில் மூடாக்கும் செய்கிற வேலையை எந்தப் பாட்டிலும் செய்யாது.

பேருரங்களைப் பொறுத்தவரை மூன்றும் மூன்று விதமாகக் காயை மாற்றும். சாம்பல்சத்து குறைந்தால் காய் சிறுக்கும். பெருக்க வேண்டுமென்று பொட்டாஷை அளவுக்கு மேல் கொட்டினால் காய் பெரிதாகும், ஆனால் தோலும் தடித்துச் சொரசொரப்பாகும். தழைச்சத்து மிஞ்சினாலும் தோல் தடிக்கும். மணிச்சத்துக் குறைந்தாலோ தோல் தடிப்பதோடு நடுவில் பொந்து விழும். வெட்டிப் பார்த்தால் சுளைகள் மையத்தில் ஒட்டாமல் விலகி நிற்கும். ஆக, ஒரு பெரிய, தடித்த தோல் பழத்தைப் பார்த்தால் மரம் செழிப்பாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். பல நேரங்களில் அது உரச் சமநிலை கெட்டதற்கான அறிகுறி. இளம் மரத்தின் முதல் ஓரிரு காய்ப்பிலும் காய் பெரிதாகவும் தோல் தடித்தும் வருவது இயல்புதான். படம் எடுப்பதற்கு அந்த முதல் காய்ப்பைத்தான் தேடுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

எலுமிச்சைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆறாம் ஆண்டு முதல் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்குத் தொழுவுரம் 30 கிலோ, தழைச்சத்து 600 கிராம், மணிச்சத்து 200 கிராம், சாம்பல்சத்து 300 கிராம் பரிந்துரைக்கிறது. பம்பளிமாஸ் வைத்திருப்பவர்கள் இந்த விகிதத்தை ஒரு தொடக்கமாக வைத்து, மண் பரிசோதனைப்படி கூட்டிக் குறைக்கலாம். திருமங்கலம், கள்ளிக்குடிக் கரிசலில் சுண்ணாம்பு அதிகம். அங்கே இலை நரம்புகளுக்கு இடையே மஞ்சள் விழுந்து, இலை சிறுத்து, காயும் சிறுத்தால் அது பெரும்பாலும் துத்தநாகக் குறை. லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட் கலந்து புதுத் தளிர் வரும்போது தெளித்தால் கிடைக்கும் பலன், மூடை பொட்டாஷில் கிடைக்காது. மழைத் தண்ணீர் தேங்கும் நிலத்தில் இந்த இனம் எதையும் வைக்காதீர்கள். அடித்தண்டில் பிசின் வடிந்து மரம் போய்விடும்.

இப்போது விற்பனைக்கு வருவோம். எனக்கு உண்மையான வருத்தம் இங்கேதான்.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ல் மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. பழங்காநத்தம் உழவர் சந்தையும் இந்த வரிசையில் வந்ததுதான். அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயி தன் விளைச்சலைத் தானே விற்கலாம், அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், தராசு சந்தையிலேயே கிடைக்கும். விவசாயி கையில் சரியான தராசு இருக்க வேண்டும் என்பது இந்தச் சந்தையின் அடிப்படைகளில் ஒன்று. கத்தரிக்காய், வெண்டைக்காய், தக்காளி எல்லாம் தராசில் ஏறுகின்றன. பெரிய எலுமிச்சை இனக் காய் என்று வந்தால் மட்டும் நம் கை தராசை மறந்துவிடுகிறது. வாங்குபவர், "நார்த்தங்காய் ஒன்று எவ்வளவு?" என்கிறார். விற்பவரும் குவியலாகப் போட்டு, ஒன்றுக்கு ஒரு விலை சொல்கிறார்.

இதில் நட்டம் யாருக்கு? குவியலில் 400 கிராம் காயும் இருக்கும், 900 கிராம் காயும் இருக்கும். காலையில் முதலில் வருபவர் புரட்டிப் புரட்டிப் பெரியதை எடுத்துக்கொண்டு போவார். அதில் தவறு சொல்ல முடியாது. ஒரே விலை என்றால் யார்தான் சின்னதை எடுப்பார்கள்? ஒன்பது மணிக்கு மேல் விவசாயியிடம் மிஞ்சுவது சின்னக் காய்கள். அதைக் கூறு கட்டிப் பாதி விலைக்குத் தள்ள வேண்டும், இல்லை திருப்பிச் சுமக்க வேண்டும். கிலோ கணக்கில் விற்றால் பெரியதை எடுத்தவர் பெரியதற்கான காசைக் கொடுக்கிறார். சின்னது சின்ன விலைக்கு நிற்கிறது. விவசாயிக்கு இரண்டும் ஒன்றுதான்.

எண்ணிக்கை விலையில் இன்னொரு கேடும் இருக்கிறது. அது பருமனுக்குப் பரிசு கொடுக்கிறது. பஞ்சு ஊதிய காயும் சுளை நிறைந்த காயும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தால் இரண்டுக்கும் ஒரே விலை. தராசு அப்படி ஏமாறாது. காற்றுக்கு எடை கிடையாது என்பதால் பொக்குக் காய் தானாகவே மலிந்துவிடும். அளவுக்கு மீறிப் பொட்டாஷ் போட்டு ஊதவைக்கும் ஆசையையும் அது கொஞ்சம் அடக்கும். தடித்த தோலுக்கும் எடை உண்டே என்று கேட்கலாம். உண்டு. தராசு எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லாது. அதனால்தான் பம்பளிமாஸ் விற்பவர்கள் ஒரு பழத்தை வெட்டி முன்னால் வைக்க வேண்டும் என்கிறேன். தர்ப்பூசணிக்காரர் செய்வதை நாம் செய்யக் கூடாதா?

எனவே வேளாண் விற்பனைத் துறை அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். உழவர் சந்தை விலைப் பலகையில் நார்த்தங்காய், கடாரங்காய், பம்பளிமாஸ் மூன்றுக்கும் தனித்தனி வரி கொடுத்து, கிலோ விலை எழுதுங்கள். சீசன் இல்லாத நாளில் அந்த வரி காலியாக இருந்தால் இருக்கட்டும். பெயர் பலகையில் இருந்தாலே விவசாயி கிலோவில் விலை சொல்லப் பழகுவார், வாங்குபவரும் பழகிவிடுவார். இதற்கு அரசாணை வேண்டாம், நிதியும் வேண்டாம். ஒரு சாக்பீஸ் போதும்.

மண்டிக்கு அனுப்புபவர்களுக்கும் இதேதான். மூடைக்கு இத்தனை காய் என்று பேசாமல் எடையில் பேசுங்கள். பம்பளிமாஸ் தடித்த தோல் பழம் என்பதால் நிழலில் வாரக்கணக்கில் கெடாது. பறித்துச் சில நாள் வைத்தால் சுவையும் கூடும். ஆனால் வைக்கிற ஒவ்வொரு நாளும் தோல் வழியாக ஈரம் போய் எடை குறையும். கிலோவில் விற்பவர் இதையும் விலையில் சேர்த்துப் பேச வேண்டும்.

களத்தில் இருக்கும் உதவித் தோட்டக்கலை அலுவலர்களிடம் கேட்பது இன்னொன்று. உங்கள் வட்டாரத்தில் நல்ல பம்பளிமாஸ், நார்த்தை மரங்கள் எங்கே இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் தோப்பில் இருக்காது. கிணற்றுமேட்டில், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், பழைய வீட்டுக் கொல்லையில் ஒற்றையாக நிற்கும். அந்த மரங்களுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். மரத்தில் எத்தனை காய், கையில் அகப்பட்ட பத்துக் காயின் சராசரி எடை, சுற்றளவு, தோல் தடிமன், சுளை எண்ணிக்கை, விதை எண்ணிக்கை, புளிப்பா இனிப்பா கசப்பா. பத்துக் காய் என்பது முக்கியம். மரத்திலேயே பெரிய ஒரு காயை எடுத்து எடை போடுவதால் ஒரு பிரயோசனமும் இல்லை. கணக்குக்காகச் சொல்கிறேன்: ஒரு மரம் 2 கிலோவில் 40 காய் காய்க்கிறது, இன்னொரு மரம் 1 கிலோவில் 120 காய் காய்க்கிறது என்றால், முதல் மரம் படத்துக்கு நன்றாக இருக்கும், 80 கிலோ கொடுக்கும். இரண்டாவது மரம் 120 கிலோ கொடுக்கும். பஸ்ஸில் பழம் வாங்கிப் போகிற குடும்பத்துக்கு 1 கிலோ பழம்தான் கைக்கு அடக்கம். 2 கிலோ பழத்தை வெட்டினால் பாதி மிஞ்சி உலர்ந்துவிடும் என்று தயங்குபவர்கள் நிறைய.

இந்த நோட்டுக்கு அவசரம் இருக்கிறது. பழங்காநத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் பழம் இருக்கிறது. அது கனியா, பழமையா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. இன்று அங்கே நிற்பவை மேம்பாலமும் கடைகளும் அடுக்குமாடிகளும்தான். கொல்லை வைத்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடும்போது கொல்லை மரமும் போகிறது. கர்நாடகத்தில் பெங்களூரு அருகே தேவனஹள்ளியில் சக்கோத்தா என்ற பெயரில் ஒரு நல்ல பம்பளிமாஸ் உண்டு. அந்த ஊர் மண்ணில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. 2008-ல் அங்கே சர்வதேச விமான நிலையம் வந்தது, சுற்றுப்பட்டு நிலத்துக்கு மனை விலை வந்தது, மரங்கள் குறைந்துகொண்டே போயின. புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் குறியீட்டுச் சான்றிதழில் பழம் காய்க்காது. அதற்கு மரம் இருக்க வேண்டும். நம் மதுரைக்கு மல்லிகையில் குறியீடு இருக்கிறது, சிறுமலை வாழைக்கு இருக்கிறது, சோழவந்தான் வெற்றிலைக்கு இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் பயிர் இன்னும் வயலில் இருக்கும்போதே பதிவு நடந்தது. கொல்லை நார்த்தைக்கும் பம்பளிமாஸுக்கும் அப்படி எழுதி வைக்க ஆள் இல்லை.

அடையாளம் கண்ட நல்ல மரத்திலிருந்து பதியன் எடுத்துக் கொடுத்தால் போதும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும் வன்னிக்கோனேந்தல் எலுமிச்சை ஆராய்ச்சி நிலையமும் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. நோட்டில் எடையும் தோல் தடிமனும் எழுதிய பத்து மரத்தோடு போனால் அங்கே பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

சரி, ஒரு ஏக்கர் போடலாமா என்ற கேள்வி. மதுரைச் சமவெளியில் பம்பளிமாஸை ஏக்கர் கணக்கில் போடச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. எலுமிச்சையைப்போல் தினமும் வாங்க ஆள் இல்லாத பழம் அது. பலர் உரிக்கவே சோம்பல்படுகிறார்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து, அதற்கு மருந்து, இதற்கு மருந்து என்று சொல்லி விற்பதையும் நான் ஏற்க மாட்டேன். கொழுப்பைக் குறைக்கவும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கப்படும் சில மாத்திரைகளோடு இந்தப் பழம் ஒத்துப்போகாது. அப்படி மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஏக்கருக்குப் பதில், கிணற்றடியில் இரண்டு ரகமாக நாலைந்து மரம் வையுங்கள். முதல் காய்ப்பை விட்டுவிட்டு மூன்றாவது காய்ப்பில் பத்துப் பழம் எடை போடுங்கள். வாங்க ஆள் இருந்தால் அப்போது பதியன் போட்டுப் பெருக்கிக்கொள்ளலாம், கன்றுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

நார்த்தை வேறு கதை. ஊறுகாய் போடும் மகளிர் குழுக்களும் சிறு தொழிற்கூடங்களும் மதுரையைச் சுற்றி இருக்கின்றன. காயைவிட இலைக்கும் கிராக்கி உண்டு. வேப்பிலைக்கட்டி இடிப்பவர்கள் தேடி வருவார்கள். எலுமிச்சைத் தோப்பு வைத்திருப்பவர்கள் வரப்பை ஒட்டி ஒரு வரிசை நார்த்தை வைப்பதில் தவறில்லை. ஆனால் நடுவதற்கு முன் குறைந்தது இரண்டு பேரிடம் கிலோவுக்கு என்ன கொடுப்பீர்கள், தோல் எந்தத் தடிமனில் வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு நடுவதானால் ஆடியிலேயே இரண்டரை அடிக் குழி எடுத்து ஆறப்போட்டு, மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்பி, ஐப்பசி மழை பிடித்ததும் நடலாம். பம்பளிமாஸுக்கு மரத்துக்கு மரம் 20 அடிக்குக் குறையாமல் இடைவெளி கொடுங்கள். ஒட்டு, மொட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும்.